‘எல்லாம் நார்மல்’ என்று இன்னொருவர் சொல்லட்டும் பார்க்கலாம்

“சில சமயம் நமக்கே தெரியாமல் சாப்பிட்டுவிடுவோம், ஆன்ட்டி” என்று அந்த உணவு ஆலோசகப் பெண் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. தைராய்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டு மாதவிடாய் நிற்கும் வயதைக் கடந்துகொண்டிருக்கிறவர்களுக்கு நான் மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை. உங்களிடமும் யாரோ ஒருத்தி இதே சிரிப்போடு இதையே சொல்லியிருப்பாள்.

அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடத்துகிற உடல்நலப் பரிசோதனை அது. கூட்ட அறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, வாசலுக்கு நேர் எதிரே எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். வரிசை அந்த இயந்திரத்திலிருந்து தொடங்கி வெளியே மின்தூக்கி வரைக்கும் நீள்கிறது. தாதி என்னை ஏறச் சொன்னார், எண்ணைப் பார்த்தார், அறையின் மறுகோடியில் கணினி முன்னால் இருந்தவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் கணக்குப் பிரிவு மொத்தமும் நிற்கிறது! ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ரத்த அழுத்தத்தை மெதுவாகச் சொல்கிறார்கள், சர்க்கரையைக் கவருக்குள் வைத்துத் தருகிறார்கள், பெண்ணின் எடையை மட்டும் ஊருக்கே அறிவிக்கிறார்கள்.

உடல் எடைக் குறியீடு சிவப்புக் கட்டத்தில் விழுந்தது. ஆசிய உடல்வாகுக்கு 23இலிருந்து ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இலிருந்து அதிக ஆபத்து என்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2005இல் வகுத்த கணக்கு எனக்கும் தெரியும். பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் தெரியும். என் உடம்பைப் பற்றி எனக்கே புதிய செய்தி சொல்வதுபோல யாரும் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சிவப்புக் கட்டம் என்பதால் உணவு ஆலோசகரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். நம் தமிழ்ப் பெண்தான், என் மகள் வயது. கையில் ஒரு தட்டைக் கணினி. நேற்று சாப்பிட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“இரவு என்ன, ஆன்ட்டி?”

“தோசை.”

“எத்தனை?”

“ஒன்றரை.”

அவள் திரையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். “இதில் பாதி போட முடியவில்லை. இரண்டு என்று போட்டுக்கொள்கிறேன்.”

“நான் சாப்பிட்டது ஒன்றரை.”

“பெரிய வித்தியாசம் இல்லை.”

பெரிய வித்தியாசம் இல்லையாம்! வாழ்நாள் முழுக்க மூன்று தோசை சாப்பிட்டவள், இரண்டாக்கி, அதையும் ஒன்றரையாக்கி, மீதிப் பாதியை மகன் தட்டில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்கிறேன். அந்தப் பாதித் தோசைக்குப் பின்னால் எத்தனை பிடிவாதம் இருக்கிறது என்று இவளுக்கு யார் சொல்வது? அதைத் தூக்கி என் தட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டாள்.

“தொட்டுக்கொள்ள?”

“புதினாச் சட்னி. தேங்காய் இல்லாமல் அரைத்தது.”

“பட்டியலில் தேங்காய்ச் சட்னிதான் இருக்கிறது.” தேங்காயையும் சேர்த்தாள்.

“மாலையில்?”

“ஒன்றுமில்லை.”

“ஒன்றுமேவா? நன்றாக யோசித்துப் பாருங்கள்.”

“யோசித்துவிட்டேன். வெறும் தண்ணீர்.”

“டீ? பிஸ்கட்? அலுவலகத்தில் யாராவது கேக், முறுக்கு என்று ஏதாவது கொடுத்திருப்பார்களே?”

“கொடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.”

அப்போதுதான் சிரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நமக்கே தெரியாமல் சாப்பிட்டுவிடுவோம்.

எப்படி அம்மா, எப்படித் தெரியாமல் சாப்பிடுவது? முறுக்கு டப்பா தானாக நடந்து வருமா? மூடி தானாகத் திறக்குமா? என் கை எனக்குத் தெரியாமல் உள்ளே போய், முறுக்கை எடுத்து வாய்க்குக் கொண்டுவந்து, பல் அதைக் கடித்து, அந்தச் சத்தம் என் காதிலேயே விழாமல் போய்விடுமா? நான் யார் தெரியுமா? விடியுமுன் எழுந்து வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு லெவோதைராக்சின் என்ற அந்தத் தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காப்பி வாசனை மூக்கைத் துளைக்க அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறவள். காப்பி அந்த மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், அதற்கும் கைத்தொலைபேசியில் மணி அடிக்கும். வாய்க்குள் எது எந்த நேரத்தில் போகிறது என்று நிமிடக் கணக்கு வைத்திருக்கிறவளைப் பார்த்து, தெரியாமல் தின்றுவிட்டாய் என்கிறாள்!

தைராய்டு இருக்கிறது, மாதவிடாய் நின்றுகொண்டிருக்கிறது, இரண்டும் சேர்ந்து என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன, இதை எங்கே பதிவாய் என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டி ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்தாள்; தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுகிற எண் அது. “டி.எஸ்.எச். 2.8. நார்மல். அப்படியென்றால் தைராய்டு காரணமில்லை. மாதவிடாய்க்கு இதில் இடம் இல்லை, ஆன்ட்டி.” அதோடு முடிந்தது. சோற்றைக் குறை, எண்ணெயைக் குறை, நட என்று ஒரு தாளைக் கொடுத்தாள். தாளில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதற்கு இந்தத் தாள்?

1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் எனக்கு இருக்கிற இந்தத் தைராய்டு நோயை முதன்முதலில் விவரித்து எழுதினார். அவர் ஆராய்ந்த நோயாளிகள் நான்கு பேர். நான்கு பேருமே நடுத்தர வயதுப் பெண்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் படிவத்தில் நடுத்தர வயதுப் பெண்ணுக்கு ஒரு கட்டம் இல்லை.

எடை முழுவதையும் தைராய்டின் தலையில் கட்டுகிறேன் என்று யாரும் வந்து பாடம் நடத்த வேண்டாம். சுரப்பு குறைந்ததால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலும் 5 முதல் 10 பவுண்டு வரைதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும் தேங்குவதால் வருவது என்று அமெரிக்கத் தைராய்டு சங்கமே சொல்கிறது. படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். மீதி எங்கிருந்து வந்தது? ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது, தொடையிலும் இடுப்பிலும் படிந்திருந்த கொழுப்பு வயிற்றைத் தேடி வருகிறது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்தத் தசை சக்தியைச் செலவழிக்கும். அது குறைந்தால் நேற்றுவரை அளவாக இருந்த அதே சாப்பாடு இன்றைக்கு மிகையாகிவிடுகிறது. போதாதற்கு நடு இரவில் உடம்புக்குள் அனல் மூளுகிறது. சிங்கப்பூர் வெக்கை வெளியே, இது உள்ளே. நனைந்த இரவு உடையை மாற்றிவிட்டு விடியும்வரை விழித்துக் கிடந்தால் மறுநாள் பசி இரட்டிப்பாகிறது, கால் நகர மறுக்கிறது. அந்தப் பசியையும் அடக்கிக்கொண்டுதான் ஒன்றரைத் தோசையோடு எழுந்திருக்கிறேன். பக்கத்தில் என் கணவர் இரவு பத்து மணிக்கு மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு அதே பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்புகிறார்.

மருத்துவர்களிடம் போனால் இன்னும் கொடுமை. களைப்பு, முடி கொட்டுதல், தோல் வறட்சி, மூட்டு வலி, மறதி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. இது தைராய்டுப் பட்டியலா, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் பட்டியலா? இரண்டும்தான். தைராய்டு மருத்துவர் தாளைப் பார்த்து, “என் பக்கம் எல்லாம் நார்மல், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்” என்கிறார். அந்த அம்மா, “இந்த வயதில் இதெல்லாம் இருக்கும், எதற்கும் தைராய்டைச் சோதித்துக்கொள்ளுங்கள்” என்கிறார். ஒரே உடம்பு, இரண்டு அறை, இரண்டு கட்டணம். ஒருவருக்கொருவர் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசினால் என்ன?

பேசாததால் என்ன ஆகிறது என்பதற்கு என் தோழியே சாட்சி. உடம்புக் கொதிப்புக்காக அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாய்வழி சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைப் பற்றிவைத்துக்கொள்ளும் புரதத்தை ரத்தத்தில் கூட்டிவிடும். நேற்றுவரை போதுமாக இருந்த தைராய்டு மாத்திரை அதன்பின் போதாமல் போகலாம். சில வாரங்களில் மறுபடி ரத்தம் சோதித்து அளவைச் சரிசெய்ய வேண்டும். தோலில் ஒட்டுகிற பட்டையாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இதை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை! கொதிப்பு அடங்கியது, உடம்பு வீங்கியது, அவளும் தன் சாப்பாட்டையே சந்தேகப்பட்டுக்கொண்டு அரைப்பட்டினி கிடந்தாள். டி.எஸ்.எச். ஏறியிருந்தது என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் அவர்களிடம் இல்லை, சோற்றைக் குறை என்று சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது.

உறவுக்காரர்கள் பங்குக்கு அவர்கள். கோயிலில் கும்பிட்ட கையை இறக்கும் முன்பே, “என்னம்மா, நன்றாகப் போட்டுவிட்டாயே” என்று ஒரு பெரியம்மா. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று அவர் பழமொழியை எடுத்துவிட, கொள்ளு ரசம் வைக்கும் முறையைப் பிராகாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே சுற்றினேன். கொள்ளு நல்லதுதான், நானும் சாப்பிடுகிறேன். அது என் ஹார்மோனைத் திரும்பக் கொண்டுவராது. இன்னொருவர் முட்டைக்கோஸைத் தொடாதே என்கிறார், வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மற்றொருவர் கடற்பாசி மாத்திரை வாங்கிவந்து நீட்டுகிறார், அயோடினாம். எனக்கு இருப்பது அயோடின் குறைவு இல்லை, என் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிற நோய். அளவுக்கு மீறிய அயோடின் இதை இன்னும் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, “தைராய்டு மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள், இளைத்துவிடுவாய்” என்று ரகசியம் சொன்னாளே ஒருத்தி, அவளைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பு ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது. உங்களில் யாராவது அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள்.

எனக்கு எடையைக் குறைக்க விருப்பமில்லை என்றா நினைக்கிறார்கள்? புளோக்குக்குக் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் மாலையில் போய் நிற்கிறேன். வெறும் நடையால் தசை வராது, எடை தூக்க வேண்டும், புரதம் வேண்டும் என்பதை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. ஓடுகிற பெண்ணின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியிருந்தால் ஒரு வரிக்கு இடம் கிடைத்திருக்கும். “மாதவிடாய் எப்போது நின்றது, இரவில் தூங்குகிறீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டுவிட்டு அவள் இரண்டு தோசை என்று போட்டிருந்தால்கூட நான் பேசாமல் எழுந்து வந்திருப்பேன்.

சரி, தீபாவளி வருகிறது, இதையும் கேட்டுவிடுகிறேன். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ரவிக்கை தைக்கிறவர்கள் உள்ளே துணி விடுவதை எப்போது நிறுத்தினார்கள்? முன்பெல்லாம் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் மடித்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தையல் ஓட்டிக் கொடுப்பார்கள். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்தால் போதும், அம்மாவின் ரவிக்கைகள் அப்படித்தான் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தன. இப்போது ஒட்ட வெட்டி, ஓவர்லாக் அடித்து, பிரிக்க வழியில்லாமல் கையில் கொடுக்கிறார்கள். கேட்டால், உள்ளே துணி விட்டால் ஃபிட்டிங் வராதாம். பட்டு என்னுடையது, கூலி என்னுடையது, உடம்பும் என்னுடையது. அந்த ஓர் அங்குலத்தை வெட்ட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?