ஐப்பசியில் இறகு உதிர்வது வெள்ளைக்கழிச்சல் அல்ல

அண்ணே, 'ஐப்பசி பிறந்ததும் நாட்டுக்கோழி இறகு கொட்டி, முட்டையும் நின்றால் அது வெள்ளைக்கழிச்சல், உடனே சந்தையில் தள்ளிவிடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி நல்ல பெட்டைகளை யாரும் இழந்துவிடக் கூடாது.

பகல் பொழுது குறையும் இந்த மாதங்களில் வளர்ந்த கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிது முளைக்கவிடும். தலை, கழுத்தில் தொடங்கி உடம்பு, இறக்கை, வால் என்று இறங்கும். முடிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இறகு பெரும்பாலும் புரதம்தான். தின்பதெல்லாம் அதற்கே போவதால் முட்டை நிற்கிறது. உதிர்ந்த இடத்தில் முள் மாதிரி குருத்து தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள்; இருந்தால் புது இறகு முளைக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளைக்கழிச்சல் என்பது வேறு, அது தொற்றுநோய். இரை எடுக்காது, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து திருகும், அடுத்தடுத்து சாகும். அப்படியிருந்தால் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் பெரிய தவறு, ஊரெல்லாம் பரவிவிடும். தனியே அடைத்துவிட்டு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தடுப்பூசியை எட்டு வார வயதில் போட்டுவிடுவது நல்லது.

இறகு உதிர்க்கும் கோழிக்குப் புரதத்துக்காகக் கரையான் கொடுங்கள். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் அதற்கா பஞ்சம்? பழைய பானையில் வைக்கோலும் காய்ந்த சாணமும் போட்டு, தண்ணீர் தெளித்து, கொல்லையில் மழை படாத இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் ஏறியிருக்கும். கோழிக்கூடு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.