பதின்மூன்றாவது சுற்று யார் கணக்கில்?

ஹெவிவெயிட் குத்துச்சண்டை பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், சிறிது நேரத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால்?" உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒருவர் அலியின் கால்களைச் சொல்வார், மற்றவர் டைசனின் இடக்கையைச் சொல்வார். எந்த ஆண்டு விதிப்படி மோதுகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பாதித் தீர்ப்பு அங்கேயே இருக்கிறது என்பது என் கட்சி.

ராக்கி மார்சியானோவை எடுத்துக்கொள்வோம். 49 போட்டி, 49 வெற்றி. அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவர் பட்டம் வென்ற போட்டியைப் பாருங்கள்: 1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. முதல் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் உட்கார வைத்துவிட்டார். தொழில்முறைப் போட்டியில் மார்சியானோ விழுந்தது அதுவே முதல்முறை. 12 சுற்று முடிந்தபோது நடுவர்களின் மூன்று மதிப்பெண் தாளிலும் வால்காட்தான் முன்னிலை. 13ஆவது சுற்று தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கயிற்றோரம் பின்வாங்கிய வால்காட்டின் தாடையில் ஒரு வலக்கைக் குத்து. ஓங்கி அடித்த குத்துகூட இல்லை, மிகக் குறுகிய தூரத்திலிருந்து வந்தது. வால்காட்டின் இடக்கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மெல்லச் சரிந்தது.

அன்று பட்டப் போட்டிக்கு 15 சுற்று, இன்று 12 சுற்றுதான். அந்தக் கணக்கில் அன்று கை உயர்ந்திருக்க வேண்டியவர் வால்காட். 49-0 என்ற புனித எண் அங்கேயே உடைந்திருக்கும்.

ஜோ லூயிஸ் கதையும் இதேதான். 1941இல் சாம்பியன் லூயிஸோடு மோதிய பில்லி கான் அவரைவிட ஏறத்தாழ 25 பவுண்டு எடை குறைந்தவர். 12 சுற்று முடிவில் இரண்டு தாளில் கான் முன்னிலை, ஒன்றில் சமம். ஜெயித்துக்கொண்டிருந்த மனிதர் நாக் அவுட் செய்தே தீருவேன் என்று 13ஆவது சுற்றில் லூயிஸோடு நின்று மல்லுக்கட்டினார். சுற்று முடிய இரண்டு விநாடி இருக்கும்போது லூயிஸ் அவரை நாக் அவுட் செய்து போட்டியை முடித்துவிட்டார். அதே 13!

"12 சுற்றுதான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ முன்னதாகவே வேகம் கூட்டியிருப்பார்" என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் தலை கிடைக்காவிட்டால் கையையும் தோளையும் அடித்து அடித்து எதிராளியைச் சோர வைப்பது அவர் பாணி. அதற்கு நேரம் வேண்டும். 1982இல் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டூக் கூ கிம் இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் 12 சுற்றாகக் குறைக்கப்பட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய அமைப்புகள் எல்லாம் மாறிவிட்டன. உயிர் காக்க வந்த மாற்றம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மாற்றம் மார்சியானோவின் ஆயுதத்தைப் பறித்துவிட்டது என்பதும் உண்மை.

கற்பனைப் போட்டியைக் கணினியிடம் விட்டுப் பார்த்த கூத்தும் நடந்திருக்கிறது. மேடைக்குத் திரும்ப வழியில்லாமல் இருந்த அலியையும், ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன மார்சியானோவையும் 1969இல் மோதுவதுபோல நடிக்க வைத்துப் படம்பிடித்தார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டினார்கள். அதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டிருந்தார். கணினி சொன்ன முடிவு? 13ஆவது சுற்றில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி. எந்தத் திறமைக்கு எத்தனை மதிப்பெண் என்று ஊட்டியது மனிதர்கள்தானே, இயந்திரம் அதைத்தான் திருப்பிச் சொல்லும்.

உடல் அளவு பற்றிச் சுருக்கமாக. மார்சியானோ ஏறத்தாழ 185 பவுண்டு; இன்றைக்கு 200 பவுண்டு வரம்புள்ள குரூசர்வெயிட் பிரிவில்தான் இருப்பார். அதற்காகப் பெரிய உடம்புதான் ஜெயிக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. 2024இல் உசிக் தன்னைவிட ஏறத்தாழ 40 பவுண்டு கூடுதலான டைசன் ஃப்யூரியை வென்றார். 1919இல் டெம்ப்சி ஆறரை அடி வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை விழச் செய்தார் (விழுந்தவர் எழும்போதே பக்கத்தில் நின்று அடிக்க அன்று தடையில்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்). பிரச்சினை, பெரிய உடம்போடு கலையும் தெரிந்தவர்களிடம்தான். லென்னக்ஸ் லூயிஸின் கை வீச்சு 84 அங்குலம், மார்சியானோவுடையது 68. அந்த ஜாபைத் (கையை நேராக நீட்டிக் குத்தும் குத்து) தாண்டி மார்சியானோ உள்ளே நுழைவார் என்று எனக்குத் தோன்றவில்லை, 15 சுற்று கொடுத்தாலும்.

இனி "அவனை இவன் அடித்தான், ஆகவே..." என்ற தர்க்கம். 1973இல் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை வீழ்த்தினார். மறு ஆண்டு நார்டனையும் இரண்டு சுற்றில் முடித்தார். இந்த இருவரிடமும் அலி தோற்றிருக்கிறார். நார்டன் அவர் தாடையையே உடைத்தவர். கூட்டிக் கழித்தால் ஃபோர்மன் அலியைத் தூள் தூளாக்கியிருக்க வேண்டும். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் தரையில் கிடந்தவர் ஃபோர்மன். பாணிக்குப் பாணிதான் மோதல், பட்டியலுக்குப் பட்டியல் அல்ல.

சரி, அலியா டைசனா? டைசனின் இடக்கை ஹூக் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து) உண்மையான ஆபத்து. 1963இல் கூப்பரும் 1971இல் ஃப்ரேசியரும் அதே குத்தில்தான் அலியை விழ வைத்தார்கள். முதல் நான்கு சுற்று அலிக்கு நரகம். ஆனால் 1974இன் அலி, குள்ளமானவர்கள் உள்ளே புகுந்தால் ஒரு கையைப் பிடரியில் போட்டுத் தலையைக் கீழே அழுத்திப் பிடித்துவிடுவார். ஃப்ரேசியருடனான இரண்டாவது போட்டி முழுக்க இதுதான் நடந்தது. டைசனைப் பிடித்தே 12 சுற்று தாக்குப்பிடித்த ஆட்கள் உண்டு. நீண்ட ஜாபோடு பயமில்லாமல் நின்ற பஸ்டர் டக்ளஸ் 1990இல் டோக்கியோவில் அவரைச் சாய்த்தே விட்டார். நடுவர் கண்டும் காணாமல் விட்டால் அலிக்குப் புள்ளிகளில் வெற்றி. பிடரியில் கை வைத்ததற்கெல்லாம் புள்ளி கழிக்கும் நடுவர் என்றால் என் பணத்தை டைசன் மேல் கட்டுவேன்.

ஃபோர்மன்-டைசன் என்றால் எனக்கு இந்தத் தயக்கமும் இல்லை. குனிந்து முன்னேறி வரும் குள்ளமான ஆள்தான் ஃபோர்மனுக்குப் பிடித்த இரை. ஃப்ரேசியரின் தோளில் இரு கைகளையும் வைத்துப் பின்னுக்குத் தள்ளி, தூரம் கிடைத்ததும் கீழிருந்து அப்பர்கட் போட்டதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 45 வயதில், மூன்று தாளிலும் பின்தங்கியிருந்த நிலையில், 1994இல் பத்தாவது சுற்றில் சாம்பியன் மூரரைப் படுக்க வைத்த கை அது. 1973இன் ஃபோர்மன், 1988இன் டைசன், எந்த விதியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு சுற்றுக்குள் ஃபோர்மன். மறுப்பவர்கள் கிங்ஸ்டன் காணொளியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.