ஆரஞ்சு வேற, கனகாம்பரம் வேற

என் மகளுக்கு மூன்றரை வயது. "இன்னும் கலர் சொல்லத் தெரியல, ஒரு சார்ட் வாங்கி மாட்டுங்க" என்று பள்ளியில் சொன்னார்கள். மாட்டினேன். இரண்டே நாளில் கடகடவென்று ஒப்பித்தாள். சரி, பார்ப்போமே என்று சார்ட்டைத் தலைகீழாகப் பிடித்தேன், பச்சையைக் காட்டியதும் ரெட் என்றாள். அவள் மனப்பாடம் செய்தது வரிசையை, நிறத்தை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையிலேயே மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். சாக்கை அவிழ்த்துக் கொட்டிய செண்டுமல்லி, அந்தப் பக்கம் கோழிக்கொண்டை, அரளி, சம்பங்கி, ஈரச்சாக்கு மூடிய மல்லிகை. ஒரு மல்லிகை மொட்டை அவள் கையில் கொடுத்தேன். வெள்ளை என்றாள். அப்புறம் அவளாகவே காம்பைத் திருப்பிப் பார்த்து, "இங்க மட்டும் பச்சைப்பா" என்றாள். நான் கேட்கவே இல்லை!

கனகாம்பரத்தைப் பார்த்து ஆரஞ்சு என்றாள். பூக்கார அக்கா பக்கத்தில் கிடந்த செண்டுமல்லி ஒன்றை எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்து, "நல்லா பாரு தங்கம், ரெண்டும் ஒண்ணா?" என்றார். ரொம்ப நேரம் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப இது கனகாம்பரக் கலரு" என்று முடித்துவிட்டார் அக்கா.

எனக்கு அங்கேதான் உறைத்தது. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் கலருக்குச் சொல்கிற பெயரெல்லாம் ஏதோ ஒரு பொருளின் பெயர்தானே. மயில் கழுத்து, கிளிப்பச்சை, வெந்தயக் கலர், மாம்பழ மஞ்சள், வாடாமல்லி. பொருளைப் பார்க்காத பிள்ளைக்கு அந்தப் பெயர் வெறும் சத்தம். கத்தரிப்பூ கலர் என்றால் கத்தரிக்காயின் கலர் என்றே நினைக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிறுத்தி அந்தப் பூவைக் காட்டுங்கள், எவ்வளவு வெளிர் ஊதா என்று தெரியும். அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன கலர் பட்டு என்று ஊரே காத்திருந்து பார்க்கிறது, பச்சை என்றால் இந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்று மனசு நிறைகிறது. இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு நிறத்தைக் காகிதத்தில் காட்டினால் போதும் என்று நினைப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

கூட்டிப்போனால் பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். "இது என்ன கலர், அது என்ன கலர்" என்று நச்சரித்தால் பிள்ளை வாயையே திறக்காது. ஒரு நாளைக்கு இரண்டு நிறம் போதும். இன்னொன்று, சில பிள்ளைகளுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க வராது. திரும்பத் திரும்ப அதே இரண்டில் குழம்பினால் திட்டாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேற்று அப்பத்தாவின் சுங்குடிச் சேலைக் கரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "கனகாம்பரம்" என்றாள். பிள்ளை பூ கேட்கிறாள் என்று அப்பத்தா நினைத்துவிட்டது.

வரும் ஞாயிறு யானைக்கல் பக்கம், செவ்வாழையும் பச்சை வாழையும் பார்க்கப் போகிறோம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.