கையில் எல்லாம் இருந்தபோது

இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பனுடைய மனைவிக்கு ஏழாம் மாதம். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. மருத்துவமனை வராந்தாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டிலின் லேபிளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, துண்டுகளை முழங்காலில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. "எல்லாம் ஆண்டவர் சித்தம்டா" என்றேன். அவன் நிமிரவே இல்லை. "அப்போ அவர்தான் செஞ்சாரா?" என்று மட்டும் கேட்டான்.

பதில் என்னிடம் தயாராகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. நடப்பதெல்லாம் தேவன் தீர்மானித்தபடியே நடக்கிறது, ஆனாலும் பாவத்துக்கு அவர் காரணர் இல்லை என்று 1646இல் இங்கிலாந்தில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை நுணுக்கமாக எழுதிவைத்திருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் அதை நானே பாடம் எடுத்திருக்கிறேன். அந்த வராந்தாவில் அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. வராததே நல்லது.

அன்றைக்கு நான் சொன்னது பொய்யா? இல்லை. தேவன் சகலத்தையும் ஆளுகிறார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் உண்மையான ஒன்றை எடுத்து ஒருவன் வாயை அடைக்க முடியும். நான் செய்தது அதைத்தான்.

யோசேப்பின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்." தேவனுடைய ஆளுகையைப் பற்றி யார் பிரசங்கம் செய்தாலும் இந்த வசனம் வராமல் இருக்காது. அதைச் சொன்னது யார், எப்போது? சொன்னது யோசேப்பு, தன்னைக் குழியில் போட்டு விற்ற சகோதரர்களிடம். தகப்பன் யாக்கோபு இறந்த பிறகு, அழுதுகொண்டே சொல்கிறான். ஆதியாகமத்தில் வரும் வயதுகளைக் கூட்டிப் பாருங்கள், விற்கப்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 40 வருஷம் ஆகியிருக்கும். குழிக்குள் கிடந்த பதினேழு வயதுப் பையனிடம் யாரும் எட்டிப் பார்த்து, "தம்பி, இதெல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்லவில்லை. பாடுபட்டவன் தன் வாயால் அறிக்கையிட வேண்டியதை, மேலே நின்றுகொண்டு நான் விளக்கமாக இறக்கிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேவனுடைய இறையாண்மை (எல்லாம் அவர் ஆளுகையில் இருப்பது), அன்பு இரண்டையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்துப் பேசுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு சபை இந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டும், இன்னொரு சபை அந்தப் பக்கம் கொஞ்சம் குறைக்கும். நாம் பார்த்த ராஜாக்களையும் அதிகாரிகளையும் வைத்து ஒரு 'ஆண்டவரை' மனதில் கட்டிக்கொள்கிறோம். அப்புறம் அவர்மேல் அன்பை ஒரு சால்வை மாதிரிப் போர்த்திவிடுகிறோம். ஆட்டமே இங்கேதான் தப்பாகத் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

யோவான் 13ஐ மெதுவாகப் படித்துப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று இயேசு அறிந்திருந்தார் என்கிறது மூன்றாம் வசனம். இதைவிடப் பெரிய அதிகாரம் உண்டா? எல்லாம் கையில் இருக்கிறது. அடுத்த இரண்டு வசனங்களில் அந்தக் கை என்ன செய்கிறது? மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைக்கிறது, ஒரு சீலையை எடுத்து இடுப்பில் கட்டுகிறது, பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறது, புழுதிக் கால்களைக் கழுவித் துடைக்கிறது. காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அப்போது அங்கேதான் இருக்கிறான். எழுந்து வெளியே போனது அப்புறம்தான். அதிகாரம் இருந்தும் தாழ்ந்து போனார் என்று நாம் சொல்வோம். யோவான் எழுதியிருப்பது வேறு மாதிரி: எல்லாம் கையில் இருக்கிறது என்று அறிந்து எழுந்தார். அந்த அதிகாரம் அசைந்தால் இப்படித்தான் அசையும். தேவனுடைய சித்தம் என்று பேசும்போது என் கண்ணில் முதலில் நிற்க வேண்டியது அந்த ஈரச் சீலை. எனக்கு நின்றதோ ஏதோ ஓர் அரசாணை.

அரசாணை என்றதும் டார்ட் என்ற சபை மாநாடு ஞாபகம் வருகிறது. தேவனுடைய கிருபையை மனிதன் மறுக்க முடியும் என்று சொன்ன டச்சு இறையியலாளர் அர்மீனியஸ் 1609இல் இறந்தார், அவர் வழி வந்தவர்கள் 1610இல் ஐந்து கருத்துகளை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல நெதர்லாந்தில் 1618 நவம்பரிலிருந்து 1619 மே வரை அந்த மாநாடு கூடியது. கிருபையைப் பற்றி அது எழுதியவற்றில் அழகான பகுதிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதே மே மாதம் 13ஆம் தேதி, அர்மீனியஸ் கட்சிக்கு ஆதரவாக இருந்த ஓல்டன்பார்னவெல்ட் என்ற எழுபது தாண்டிய அரசியல்வாதியின் தலையை வெட்டினார்கள். குற்றச்சாட்டு அரசியல்தான், ஆனால் இறையியல் சண்டையும் அதோடு பின்னிக் கிடந்தது. (அவரோடு பிடிபட்ட சட்ட அறிஞர் க்ரோஷியஸ் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். புத்தகம் வாங்கிக் குவிக்கிறாய் என்று வீட்டில் திட்டினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.) தேவன் எப்படி ஆளுகிறார் என்று நாம் நினைக்கிறோமோ, கையில் அதிகாரம் வந்தால் நாமும் அப்படியே ஆளப் பார்ப்போம். எனக்குப் பயம் அதுதான்.

இப்படிச் சொன்னதும் "அப்போ நீ அர்மீனியனா?" என்று உள்பெட்டியில் கேட்பீர்கள். இல்லை. அந்தப் பக்கத்தில் எனக்கு வேறொரு சங்கடம். அன்பைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளுகையைச் சுருக்கிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது நம்மோடு உட்கார்ந்து அழும், ஆனால் கையில் ஒன்றும் இல்லாத ஒரு தேவன்தான். என் நண்பன் அவரிடம் எதற்கு ஜெபிக்க வேண்டும்? கல்லறைக் கல்லைப் புரட்டத் தெரியாத அன்பு அவனுக்கு என்ன செய்யும்?

ரோமர் 9இல் வரும் குயவனையும் களிமண்ணையும் எல்லோருக்கும் தெரியும். "உருவாக்கப்பட்ட வஸ்து உருவாக்கினவனைக் கேள்வி கேட்கலாமா" என்று அதை வைத்துப் பலரை உட்காரவைத்திருக்கிறோம். எரேமியா 18இலும் ஒரு குயவன் வருகிறான். மண்பாண்டம் அவன் கையிலேயே கெட்டுப்போகிறது. அவன் அதைத் தூக்கி எறியவில்லை. அதே மண்ணைத் திரும்பப் பிசைந்து வேறே பாண்டமாக வனைகிறான். மண்மேல் அவனுக்கு இருக்கும் அதிகாரம் கொஞ்சமும் குறையவில்லை. அந்த அதிகாரம்தான் கெட்டுப்போனதற்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிறது. அப்புறம், ரோமரை எழுதிய பவுலே அந்த 9ஆம் அதிகாரத்தை எப்படித் தொடங்குகிறார்? "எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும்" உண்டு என்று. என் ஜனம் பிழைக்குமானால் கிறிஸ்துவைவிட்டு நானே சபிக்கப்பட்டவனாகலாம் என்கிற அளவுக்கு. அந்த நெஞ்செரிச்சலோடு எழுதத் தொடங்கி, 11ஆம் அதிகாரத்தில் எல்லார்மேலும் இரக்கமாயிருப்பதற்காகவே என்று வந்து நிற்கிறார். நாம் முன்னாலும் பின்னாலும் வெட்டிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கியார்கள் வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் இதே விஷயத்துக்காக முறைத்துக்கொண்டவர்கள். முன்குறித்தலை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற போதனையை, எதிர்த்து வெஸ்லி 1739இல் பிரசங்கித்தார், ஒயிட்ஃபீல்ட் அடுத்த வருஷக் கடைசியில் மறுப்புக் கடிதம் எழுதினார், அது அச்சாகி ஊரெல்லாம் போனது. இருவரில் யார் சரி என்பதில் எனக்கும் ஒரு சாய்வு உண்டு, அது இங்கே வேண்டாம். 1770இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது, அவர் விரும்பியிருந்தபடியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அன்று அவர் முன்குறித்தல் வழக்கைத் திறக்கவில்லை.

நண்பனை அதற்குப் பிறகு மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை மன்னிப்புக் கேட்டேன். "நீ மட்டுமா சொன்னே? பதினோரு பேர் சொன்னாங்க" என்றான். எண்ணியிருக்கிறான். போன வாரம் அவனாகவே ஓசியா 11ஐத் திறந்து, "நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்" என்ற இடத்தில் விரலை வைத்து, "இது ராஜா பேசுற மாதிரி இல்லையே" என்றான். அடுத்த வசனத்தையும் படிக்கச் சொன்னேன். "நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் விளக்கப் போகவில்லை.

வரும் ஞாயிறு சபையில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. குறித்துக் கொடுத்திருப்பது ரோமர் 9, பதினான்காம் வசனத்திலிருந்து. முதல் வசனத்திலிருந்தே வாசிக்கட்டுமா என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.