பிளகின் பட்டியல் புராஜெக்டோடு இருக்க வேண்டும்

ஒரே அனிமேஷன் ஸ்டுடியோவில் இரண்டு மூன்று புராஜெக்டுகள் ஒரே சமயத்தில் ஓடும்போது, பிளகின்களை (மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) கணினி கணினியாக நிறுவி வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் பிளகின், அதில் எந்தப் பதிப்பு என்பதை முடிவு செய்யும் உரிமை புராஜெக்டுக்கு மட்டுமே உண்டு.

முப்பரிமாண மென்பொருளான மாயாவில், ஆர்னால்ட் என்ற ரெண்டரர் பிளகினின் ஷேடர் (பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிப்பது) உள்ள ஒரு காட்சியை ஆஸ்கி (வெறும் எழுத்து) வடிவில் சேமித்து நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்தப் பிளகின், எந்தப் பதிப்பு தேவை என்று தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கும். அந்தப் பிளகின் இல்லாத கணினியில் அதன் நோடுகள் (காட்சியைக் கட்டமைக்கும் அலகுகள்) அடையாளம் தெரியாத 'அன்னோன்' நோடுகளாகிவிடும். அவற்றை நீக்காமல் கோப்பைப் பைனரியாக மாற்றிச் சேமிக்கவும் மாயா விடாது. இதைவிடத் தொல்லையானது, யாரோ ஆர்வத்தில் இறக்கிய இலவசப் பிளகின் ஆட்டோலோடில் (மாயா திறக்கும்போதே தானாக ஏறும் பட்டியலில்) கிடப்பதுதான். அதன் நோடு ஒன்று ரிக்கில் (பாத்திரத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடு போன்ற அமைப்பில்) ஒட்டிக்கொண்டால், அந்த ரிக்கின் கோப்பை ரெஃபரன்ஸாக (இணைப்பாக) எடுக்கும் ஷாட்டுகள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

பழைய புராஜெக்ட் மாயா 2020-இலும் புதியது 2023-இலும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். முன்னதில் பைத்தான் 2.7, பின்னதில் பைத்தான் 3 மட்டுமே. சி++ பிளகின்களையும் பதிப்புக்கேற்பத் தனியாகக் கம்பைல் செய்தாக வேண்டும்.

தீர்வுக்கான வசதி மென்பொருள்களிலேயே இருக்கிறது. பிளகின்களை எந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்ல மாயாவில் மாட்யூல் கோப்பு, எஃபெக்ட்ஸ் மென்பொருளான ஹூடினியில் ஜேசன் வடிவப் பேக்கேஜ் கோப்பு, காம்போசிட்டிங் மென்பொருளான நியூக்கில் பாத் மாறி. சர்வரில் பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் என்று பிளகின்களை வைத்துவிட்டு, புராஜெக்டின் லாஞ்சர் உரிய பாத்துகளை அமைத்து மென்பொருளைத் திறந்தால் போதும். பெரிய ஸ்டுடியோக்களுக்கு ரெஸ் (Rez) என்ற பேக்கேஜ் மேலாண்மைக் கருவி இருக்கிறது. பத்துப் பேர் உள்ள இடத்தில் ஒரு பேட்ச் (.bat) கோப்பே தாராளம் என்பேன். ஆனால் இருக்கும் ஃபோல்டரின் மேலேயே புதிய பதிப்பை எழுதக் கூடாது. விண்டோஸில் யாராவது மாயாவைத் திறந்து வைத்திருந்தால், ஏற்றப்பட்ட சி++ பிளகின் கோப்பு பூட்டப்பட்டிருப்பதால் அது மாறாது. பைத்தான் கோப்புகளோ மாறிவிடும். பாதி பழையது, பாதி புதியது என்ற அந்த நிலையில் வரும் பிழையைத் தேடுவது பெரும்பாடு.

ரெண்டர் ஃபார்மும் (ஃபிரேம்களைப் பகிர்ந்து ரெண்டர் செய்யும் கணினிகளின் தொகுப்பும்) அதே லாஞ்சர் வழியாகத்தான் ஓட வேண்டும். அதில் ஒரு கணினியில் மட்டும் ரெண்டரரின் பதிப்பு வேறாக இருந்தால், ஒரே ஷாட்டில் சில ஃபிரேம்களின் நிழலோ நாய்ஸோ (படத்தில் தெரியும் புள்ளிகளோ) வேறுபட்டு, ஓட்டிப் பார்க்கும்போது துடிக்கும். தனி ஃபிரேமாகப் பார்ப்பவர் கண்ணில் அது படாமலே போகலாம்.

இது ஆர்ட்டிஸ்டின் கையைக் கட்டுவதாகாதா என்று கேட்பார்கள். கோப்பில் தடயம் விடாத ஷெல்ஃப், ஹாட்கீ, கன்ட்ரோல்களைத் தேர்ந்தெடுக்க உதவும் ஸ்கிரிப்ட் போன்றவற்றை அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். காட்சியில் ஒரு நோடையாவது உருவாக்கும் கருவி என்றால், புராஜெக்டின் பட்டியலில் ஏறிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.