மாணவர் விசாவும் ஒன்றோடொன்று ஒட்டாத நம் காகிதங்களும்

பிரிட்டனில் முதுகலை படிக்கப் போகும் என் தம்பியின் விசாவுக்காக மாதக்கணக்கில் ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். தன் பக்கம் செய்ய வேண்டியதையெல்லாம் அவன் எப்போதோ முடித்துவிட்டான். மதிப்பெண் வாங்கினான், ஆங்கிலத் தேர்வு எழுதினான், லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தான், முன்பணமும் கட்டியாயிற்று. மீதி இருப்பவை எல்லாம் பிறர் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தர வேண்டிய தாள்கள். அந்தத் தாளில் பிழை விட்டவர் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார், அதைத் திருத்தித் தர மறுப்பவர் இன்னோர் அலுவலகத்தில் இருக்கிறார், இருவருக்கும் இதனால் ஒரு நாள் சம்பளம்கூடக் குறையப்போவதில்லை. விசா மறுக்கப்பட்டால் ஓராண்டை இழப்பவன் அந்தப் பிள்ளை மட்டுமே. இந்த அநியாயம்தான் என்னை எழுத வைக்கிறது.

விதி எவ்வளவு இறுக்கமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணத்தில் கட்டாமல் இருக்கும் மீதியும், அங்கே தங்கிச் சாப்பிடுவதற்கு ஒன்பது மாதம் வரையிலான செலவும் கையில் இருப்பதாக மாணவர் காட்ட வேண்டும். அந்தத் தங்கும் செலவை 2025 ஜனவரி 2 முதல் லண்டனில் படிப்பவருக்கு மாதம் 1,483 பவுண்டு, வெளியே படிப்பவருக்கு 1,136 பவுண்டு என்று உயர்த்தினார்கள்; அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் உயர்த்தினார்கள். ஜனவரிக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் லண்டனுக்கு வெளியே ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண்டு ஆகிறது, நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தத் தொகை தொடர்ச்சியாக 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். வங்கி அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளின் விகிதத்தில் என்பதால், ரூபாய் எந்த நேரத்திலும் சரியலாம் என்று பயந்து கூடுதலாகவும் கொஞ்சம் போட்டுவைக்க வேண்டும்.

ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பத்துப் பதினொரு லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் ரொக்கமாக எங்கே கிடக்கும்? அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாழ்நாள் சேமிப்பு கொஞ்சம் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பாகவும், கொஞ்சம் ஏலச்சீட்டாகவும், மீதி அம்மாவின் நகையாகவும், ஊரில் சிறிதளவு நிலமாகவும் இருக்கிறது. விசா அதிகாரியின் கணக்கில் இவற்றில் எதுவும் சேராது. நிலத்தையும் நகையையும் அவர்கள் பணமாகவே கருதுவதில்லை. மின்னணுப் பதிவு இல்லாத அல்லது தங்களால் சரிபார்க்க முடியாத நிறுவனத்தில் இருக்கும் பணத்தை ஏற்பதில்லை என்று விதியிலேயே எழுதியிருப்பதால், சங்கத்தின் வைப்பு ரசீதை நம்பி விண்ணப்பிக்கவும் துணிய முடியாது. ஆகவே நகை வங்கிக்கு அடகு போகிறது. அந்தப் பணம் அசையாமல் கணக்கில் கிடக்க, நகைக்கடனுக்கு வட்டி மட்டும் நாள்தோறும் ஏறுகிறது. முடிவு வரும்வரை அதில் கைவைக்கவும் பயம். திடீரென்று இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டால் காட்டுவதற்காக அடகுச் சீட்டின் நகலையும் கோப்பில் சேர்த்திருக்கிறோம். அம்மா தன் வளையலை எவ்வளவுக்கு வைத்தாள் என்பதை முகம் தெரியாத ஒரு அயல்நாட்டு அதிகாரி படிக்கப்போகிறார் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பணம் சேர்ந்தாலும் அது அப்பாவின் பணம். பெற்றோரின் பணத்தைக் காட்டும் மாணவர், உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழையும், அந்தப் பணத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று பெற்றோர் எழுதிய கடிதத்தையும் இணைக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. எங்கள் அப்பாவின் பெயரோ ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஆதாரில் இனிஷியலே இல்லை. பான் அட்டையில் இனிஷியல் போட அனுமதியில்லை என்பதால் தாத்தாவின் பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயர் என்ற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வங்கிக் கணக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வருகிறது. தம்பியின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வருகிறது, அதோடு ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து அதிகம்; அன்று பதிவேட்டில் எழுதிய ஊழியர் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். தம்பியின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் வேறொரு வகை. இந்தக் காகிதங்களில் ஒன்றைக்கூட நாங்கள் அச்சிடவில்லை. எல்லாம் அரசும் வங்கியும் அச்சிட்டுக் கொடுத்தவை. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத ஒரு மாநிலத்தில், அப்பாவின் பெயரின் முதலெழுத்தைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வாழும் மக்களிடம், ஒவ்வொரு துறையும் தனக்குத் தோன்றிய கட்டத்தில் அந்தப் பெயரைத் திணித்துவிட்டு, பிறகு ஏன் பொருந்தவில்லை என்று நம்மையே கேட்பது என்ன நியாயம்?

பிறப்புச் சான்றிதழைத் திருத்தக் கேட்டுப் போனேன். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பதிவேட்டில் உள்ள பிழையைப் பதிவாளர் திருத்தலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பிழை அவர்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் அப்பாவின் பள்ளிச் சான்றிதழைக் கொண்டு வா, இரண்டு சாட்சியைக் கொண்டு வா, பழைய பதிவேடு வேறு கட்டடத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கும் ஊழியர் விடுப்பில் இருக்கிறார் என்று நாளை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "இதெல்லாம் ஒரு விஷயமா மேடம், ஒன் அண்ட் சேம் என்று ஒரு அஃபிடவிட் போட்டுக் கொடுத்துடுங்க, போதும்" என்றார். போதும் என்று சொல்ல இவர் யார்? விசா அதிகாரி கேட்பது பிறப்புச் சான்றிதழை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று முத்திரைத்தாளில் நோட்டரி வக்கீல் கையெழுத்துடன் நாங்களே எழுதி வைக்கும் உறுதிமொழியை அவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏற்காவிட்டால் மறுபரிசீலனை கேட்கும் வழி ஒன்று இருக்கிறது, ஆனால் அது அதிகாரியின் முடிவில் தவறு இருந்தால் மட்டுமே பயன்படும். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் விழுந்த கூடுதல் எழுத்து அவருடைய தவறு ஆகாது.

அடுத்தது வங்கிக் கடிதம். அதில் இருக்க வேண்டியவை தேதி, கணக்கு வைத்திருப்பவரின் பெயர், கணக்கு எண், இருப்புத் தொகை, வங்கியின் பெயரும் சின்னமும். இவ்வளவுதான். ஒரு பள்ளி மாணவனிடம் கொடுத்தால்கூட ஒரு பக்கத்தில் எழுதிவிடுவான். எங்கள் கிளையில் முதலில் தந்த கடிதம் சின்னமே இல்லாத வெறும் வெள்ளைத் தாளில் அச்சாகியிருந்தது, கணக்கு எண்ணின் நடு இலக்கங்கள் நட்சத்திரக் குறிகளாக மறைக்கப்பட்டிருந்தன, வட்ட முத்திரையைக் கையெழுத்தின் மேலேயே அழுத்தியதில் மேலாளரின் பெயர் படிக்க முடியாதபடி நீல மையில் கரைந்துபோயிருந்தது. சுட்டிக்காட்டினால், "சிஸ்டத்தில் இப்படித்தான் வரும், எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம்" என்று பதில் வருகிறது. எல்லாருக்கும் இதைக் கொடுத்ததில் எத்தனை பிள்ளைகளின் விண்ணப்பம் திரும்பி வந்தது என்று அவர் ஒருநாளாவது விசாரித்திருப்பாரா? நாற்பது ஆண்டு காலம் அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் அப்பா, ஒரு கடிதத்துக்காகக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கைகட்டி நின்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல்விக்கடன் கதை இதைவிடக் கொடுமை. கல்விக் கட்டண மீதிக்காகக் கடன் கேட்டிருந்தோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சம் வரை சொத்து வைக்கத் தேவையில்லை, அதற்கு மேல் போனால் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு ஏழரை லட்சத்துக்குள் எங்கே அடங்கும்? ஆகவே வீட்டுப் பத்திரம், மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, வங்கி வழக்கறிஞரின் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று எல்லாவற்றையும் கொடுத்தோம். வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் கட்டணம் எங்கள் கையிலிருந்துதான் போனது. எல்லாம் முடிந்து வந்த அனுமதிக் கடிதத்தின் பின்பக்கம் முழுவதும் நிபந்தனைகள்: அடமானப் பதிவு முடிந்த பிறகே பணம் விடுவிக்கப்படும், காப்பீடு எடுத்தால்தான் விடுவிக்கப்படும், வங்கி எந்த நேரத்திலும் இந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். பிரிட்டன் விதியோ, விசா கிடைப்பதைத் தவிர வேறு எந்த நிபந்தனையும் கடன் கடிதத்தில் இருக்கக் கூடாது என்கிறது. கடிதம் ஆறு மாதத்துக்குள் எழுதப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்விக்கடன் என்று பலகை வைத்து விளம்பரம் செய்யும் வங்கிக்கு, அந்தக் கடன் எதற்காக வாங்கப்படுகிறதோ அந்த வேலைக்கே தன் கடிதம் உதவாது என்பது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் மாற்றாமல் இருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிரிட்டன் அரசின் மீதும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. இந்தப் பண ஆவணங்களையும் கல்விச் சான்றிதழ்களையும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பத் தேவையில்லை, கேட்டால் மட்டும் காட்டினால் போதும் என்று சில நாட்டு மாணவர்களுக்குச் சலுகை இருக்கிறது. 2018-இல் அந்தப் பட்டியலை விரிவாக்கியபோது சீனா உட்பட 11 நாடுகளைச் சேர்த்தார்கள், இந்தியாவை விட்டுவிட்டார்கள். அப்போது எதிர்ப்பு எழுந்தது, ஆனாலும் அந்தச் சலுகை இன்றுவரை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. இங்கிருந்து போகும் மாணவர்களின் கட்டணத்தை நம்பி எத்தனையோ பல்கலைக்கழகங்கள் அங்கே நடக்கின்றன. தேசிய மருத்துவச் சேவைக்கென்று 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். காசநோய் இல்லை என்று அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் காட்டிய சான்றும் கேட்கிறார்கள். அதுவும் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். இத்தனையையும் வாங்கிக்கொள்பவர்கள் நம் பெயர் வழக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு பக்கக் குறிப்பாவது தங்கள் அதிகாரிகளுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் அந்த நாட்டு விதி குறைந்தபட்சம் எழுத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் படித்துக்கொள்ளலாம். என் பெரிய கோபம் இங்கே, நம் ஊரில், விதியைப் படிக்கவே மறுக்கும் மேசைகள் மீதுதான். அந்த மேசைகள் வேலை செய்யாததால்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். "பணம் காட்டணுமா, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லி, வேறொருவரின் பணத்தை ஒரு மாதத்துக்குக் கணக்கில் போட்டுக் கமிஷன் வாங்குபவர்களைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். போலி ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டன் பத்து ஆண்டு வரை அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை மறுக்க முடியும். நேர்வழியில் போகிறவனுக்கு ஒரு சரியான கடிதம் கிடைக்க மாதங்கள் ஆவதும் குறுக்கு வழிக்காரருக்கு எல்லாக் கடிதமும் ஒரே நாளில் கிடைப்பதும் எப்படி என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வங்கித் தலைமை அலுவலகங்கள், மாணவர் விசாவுக்கான இருப்புக் கடிதத்துக்கு ஒரு படிவமும் கல்விக்கடன் கடிதத்துக்கு ஒரு படிவமும் தயார் செய்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பலாம். விதி பொதுவில் இருக்கிறது, ஒரு மதிய நேர வேலை அது. பதிவு அலுவலகங்கள், தங்கள் ஊழியர் செய்த எழுத்துப் பிழையை இத்தனை நாளுக்குள் திருத்தித் தருவோம் என்று ஒரு கெடுவைப் பலகையில் எழுதி வைத்து, அதைத் தவறவிட்டால் யார் பொறுப்பு என்பதையும் அதன் கீழேயே எழுதலாம். தம்பியின் வகுப்பு செப்டம்பரில் தொடங்குகிறது. 28 நாள் கணக்கு முடிந்துவிட்டது, 31 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நிபந்தனைகளை நீக்கிய கடன் கடிதம் இன்னும் மண்டல அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கிடக்கிறது.