கக்கநல்லால நின்ன கேரட் லாரி

போலந்து உக்ரைனுக்கு டாங்கி எல்லாம் குடுத்துட்டு தானியத்த மட்டும் தடுத்தது துரோகம்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, அது அவ்ளோ சிம்பிள் இல்லைங்க. 2023 செப்டம்பர் 15ல ஐரோப்பிய யூனியன் உக்ரைன் தானியத்து மேல இருந்த தடைய எடுத்துடுச்சு, ஆனா போலந்து ஹங்கேரி ஸ்லோவாக்கியா மூணும் தடைய எடுக்க முடியாதுன்னு நின்னுச்சு, உக்ரைன் நேரா உலக வர்த்தக அமைப்புக்கு புகாரோட போயிடுச்சு. எலெக்‌ஷன் நேரத்துல வெளி தானியம் வந்து உள்ளூர் விவசாயிக்கு விலை விழுந்தா எந்த கவர்மென்ட் சும்மா இருக்கும்? இங்க கோத்தகிரில பச்சை தேயிலை கிலோவுக்கு ரெண்டு ரூவா எறங்குனாலே நாங்க ரோட்டுக்கு வந்துடுவோம். ஆனா மறிச்சா நோகுறது யாருன்னும் பாத்திருக்கேன், 2016 காவிரி கலவரத்துல கர்நாடகா பார்டர்ல இருக்குற கக்கநல்லா செக்போஸ்ட்ல எங்க மாமா ஏத்துன கேரட் லாரி ரெண்டு நாள் நின்னுச்சு, கழுவுன கேரட் தாங்குமா, அடி மூட்டை எல்லாம் தண்ணி விட்டு நாறிப்போச்சு. அது சரி, 2023 நவம்பர்ல போலந்து லாரிக்காரங்களே உக்ரைன் பார்டர மறிச்சாங்களே, அத ஏங்க விட்டுட்டீங்க?